கூட்டாளி எத்தனை பேர்?

இதை நான் எழுத என் தம்பி இரண்டு நிபந்தனைகளோடு ஒத்துக்கொண்டான். அவன் பெயரை மாற்ற வேண்டும். 'பாவம்' என்ற சொல்லை அவன் பக்கத்தில் எங்கேயும் வைக்கக் கூடாது. "ரெண்டு அர்த்தத்துலயும் வேணாம்," என்றான். புதுப் பெயரையும் அவனே சொன்னான்: ரிஷி. "சாமியார் பேரு வச்சா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க லா."

அவன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி ஐந்து வாரம் ஆகிறது. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நடுவில் கிடைத்த இந்த இடைவெளியில் எழுதுகிறேன். தூங்கி எழுந்தாலும் போகாத ஒரு களைப்பு உடம்பில் தங்கிவிட்டது. எழுதினால் போகுமா என்று தெரியாது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அம்மா சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். அப்பா இறக்கும்வரை பெருவிரல்தான் வைத்தார். பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டுக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் நான்தான் படித்தேன். கேட்ட பாரம் எல்லாவற்றையும் நான்தான் நிரப்பினேன். ரிஷியின் பள்ளி பாரம், அடையாள அட்டை பாரம், செனாய் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வேலைக்கான பாரம், எல்லாம் என் கையெழுத்து. அதே செனாயில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மூன்று பேரும் தெப்ராவில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறோம். ரிஷிக்கு இருபத்து நாலு வயது. எனக்கு இருபத்தொன்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினான். அம்மா சிரித்தார். "மொகத்த கழுவிட்டு வாடா மொதல்ல." அவன் சிரிக்கவில்லை. இடது கண்ணில் ஒரு வாரமாக எண்ணெய் பூசிய கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது, இப்போது வலது கண்ணும் ஆரம்பித்துவிட்டது என்றான். தொழிற்சாலையின் பேனல் கிளினிக்கில் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். அது உதவவில்லை.

அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவில் காலை ஏழரைக்கு எண் எடுத்தோம். கண்மணியை விரிக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாகப் பல முறை விட்டார்கள். விரிந்த கண்ணோடு அவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். நான் எண் பலகையைப் பார்த்து அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டரை.

டாக்டர் இளம் மலாய்ப் பெண். வெகுநேரம் கண்ணுக்குள் பார்த்தார். பிறகு அவன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "இங்கே எப்போதாவது சிவப்புத் தடிப்பு வந்ததா?"

நான்தான் பதில் சொன்னேன். மூன்று மாதத்துக்கு முன்னால் வந்தது. தொழிற்சாலைக் கையுறையால் வந்த அலர்ஜி. நான் வாங்கிக் கொடுத்த கிரீமில் போய்விட்டது.

டாக்டர் என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். நான் அசையவில்லை. இவனுடைய எல்லா விவரமும் எனக்குத்தான் தெரியும் என்றேன். அப்போது ரிஷி, என் பக்கம் திரும்பாமலே, "அக்கா, வெளிய இரு," என்றான்.

அவன் என்னை எங்கிருந்தும் வெளியே அனுப்பியது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து, வார்டில் படுக்கை கிடைத்த பிறகு, அவனே சொன்னான். சிபிலிஸ். அகராதியில் மேகப்புண் என்று போட்டிருக்கிறது. எனக்கு மேகம் என்றால் மழைதான். உடலுறவில் ஒட்டும் கிருமி. முதலில் வலிக்காத ஒரு புண். அது தானாக ஆறிவிடும். பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பு. அதுவும் தானாகப் போய்விடும். போனதும் மனிதன் நிம்மதியாக இருப்பான். கிருமி போயிருக்காது. சிலருக்குக் கண்ணுக்கு ஏறும், மூளைக்கு ஏறும். இவனுக்குக் கண்ணுக்கு ஏறியிருந்தது.

"ஆம்பளைங்களோட, அக்கா," என்றான், நான் கேட்காமலே. "சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். போன்ல ஆப் இருக்கு. அதுலதான் பாத்துக்குவோம்."

எனக்கு முதலில் வந்தது கோபமோ வருத்தமோ இல்லை. அந்தக் கிரீமின் ஞாபகம். தடிப்பு வந்த அன்று அவன் என்னிடம் கையைக் காட்டி, "ரத்தம் டெஸ்ட் எடுக்கணுமா அக்கா?" என்று கேட்டிருந்தான். நான் சிரித்தேன். "அலமாக், கையில அரிப்புக்கு யாராச்சும் ரத்தம் எடுப்பாங்களா?" என்றேன். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. படித்த அக்கா சொல்லிவிட்டாள்.

ரத்த முடிவில் 'ரியாக்டிவ், ஒன்றுக்கு நூற்றிருபத்தெட்டு' என்றிருந்தது. இது எனக்குப் புரிந்தது. என் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். ரத்தத்தின் தெளிநீரில் உப்புநீர் சேர்த்து இரண்டு மடங்கு, நாலு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்க்க வைத்துக்கொண்டே போவார்கள். நூற்றிருபத்தெட்டு மடங்கு நீர்த்த பிறகும் சோதனை ஆமாம் என்கிறது என்றால், நோய் மும்முரமாக இருக்கிறது. எச்.ஐ.வி. சோதனையில் இல்லை என்று வந்தது. ஆனால் அண்மையில் ஒட்டியிருந்தால் சில வாரங்களுக்குச் சோதனையில் பிடிபடாது. அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

முதுகெலும்பில் ஊசி விட்டு மூளையைச் சுற்றி ஓடும் நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். "முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காம போயிரும்னு சொல்வாங்களே," என்று அம்மா அழுதார். ரிஷி குப்புறத் திரும்பவும் முடியாமல் மல்லாந்து கிடந்தபடி, போர்வைக்குள் கால் கட்டை விரலை ஆட்டிக் காட்டினான். "இந்தா பாரு மா, டான்ஸ் ஆடுது."

மருந்து பென்சிலின். நரம்பு வழியாக, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பதினாலு நாள். முதல் நாள் மருந்து ஏறியதும் பல் கிட்டும் அளவுக்குக் குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது. கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது உடம்பு இப்படிச் செய்யுமாம். மருந்து வேலை செய்வதன் அடையாளமாம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அப்படித் தெரியாது. கையில் மருந்துக்காகக் குத்தி வைத்த பிரானுலா ஊசிக்குழாயைச் சுற்றி மூன்று நாளுக்கு ஒரு முறை வீங்கும். வேறு நரம்பு தேடுவார்கள். இரவுகளைப் பற்றி நான் எழுத முடியாது. ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக் கூடாது. ஏழரைக்குக் காவலர் மணியடித்து எங்களை வெளியே அனுப்பிவிடுவார். அதற்குப் பிறகு அவனுக்கு எப்படி இருந்தது என்பது அவனுக்குத்தான் தெரியும்.

பில்லுக்காகத் தூக்கம் கெடவில்லை, அரசாங்க மருத்துவமனை. வேறொன்று இருந்தது.

கடந்த ஆறு மாதத்தில் அவனோடு இருந்தவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். அவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். பெயர் இல்லாத ஒரு சின்னக் கடிதமும் கொடுத்தார். என்ன பரிசோதனை தேவை என்று மட்டும் அதில் இருந்தது. எந்த அரசாங்கக் கிளினிக்கில் காட்டினாலும் போதும்.

ரிஷியால் போனைப் படிக்க முடியவில்லை. எழுத்துகள் புகையாக நின்றன. மூன்றாம் நாள் மதியம் போனை என்னிடம் நீட்டினான். "நீதான படிப்ப எல்லாத்தையும்," என்றான். அது கிண்டலா, விட்டுக்கொடுத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்படித்தான் என் தம்பியின் செய்திகளை நான் படித்தேன். முகமில்லாத படங்கள்; கழுத்துக்குக் கீழே, மோட்டார் சைக்கிள், கடல். பக்கத்தில் இருப்பவர் முதலில், தூரத்தில் இருப்பவர் பிறகு என்று வரிசை. பாதிப் பேர் தங்களைப் பற்றி எழுதியிருந்த முதல் வார்த்தை 'கிளீன்'.

"கிளீன்னா என்னாடா?"

"சீக்கு இல்லன்னு அர்த்தம்."

"டெஸ்ட் எடுத்தாங்களா?"

"அதக் கேட்டா கோச்சுக்குவாங்க அக்கா. கேட்டா நம்மள கிளீன் இல்லன்னு நெனப்பாங்க."

எங்கள் தொழிற்சாலையில் மிஷினைக் கழுவியவர் வந்து 'கிளீன்' என்று சொன்னால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பஞ்சுக் குச்சியால் தேய்த்துச் சோதனைக்கு அனுப்புவேன். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிவது கணக்கே இல்லை. ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்குச் செய்ததை நான் இவனுக்குச் செய்யவில்லை.

"ஏன்டா இதுல போயி ஆளு தேடுற?" என்றும் கேட்டேன்.

"வேற எங்க தேடுறது? கோயில்லயா? கல்யாண வூட்லயா?" என்றான். "மொதல்ல சும்மா பேசத்தான் போனேன். 'இன்னிக்கு ஓட்டி பாத்தியா, சாப்பிட்டியா'ன்னு கேக்குறதுக்கு ஒரு ஆளு. நான் யாருன்னு தெரிஞ்சு கேக்குற ஆளு." எங்களூரில் மிகைநேர வேலைக்கு ஓட்டி என்று பெயர்.

ஐந்து பேர். அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர் என்னால் இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் திட்டினார். அதையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன், குரலைத் தட்டையாக வைத்துக்கொண்டு. இரண்டு பேர் போகிறேன் என்றார்கள்.

ஐந்தாவது ஆளிடம்தான் சிக்கல். செனாய் விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை, தமிழர், முப்பதைத் தாண்டியவர். ரிஷிக்கு அவரைப் பிடித்திருந்தது. அது அவன் சொல்லாமலே தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால், இதோடு போதும் என்று சொல்லி, போனிலும் செயலியிலும் இவனைத் தடுத்துவிட்டார். உண்மைப் பெயர்கூட இவனுக்குத் தெரியாது.

"அவரு வய்ஃபு முழுகாம இருக்காங்க அக்கா," என்றான். "இப்ப ஏழு மாசம் இருக்கும்."

அங்கே இருந்த தாதி ஃபிலோமினா மிஸ்ஸியிடம், யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பது போல விசாரித்தேன். அவர் டிரிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "மொத மாசத்துல எல்லாருக்கும் ரத்தம் பாப்பாங்க மா. ஆனா அதுக்கப்புறம் ஒட்டியிருந்தா? நஞ்சுக்கொடி வழியா புள்ளைக்குப் போயிரும். செத்தும் பொறக்கலாம். நேரத்தோட ஊசி போட்டா அநேகமா புள்ள தப்பிச்சிரும். ரெண்டு மாசந்தான் இருக்குன்னா உக்காந்து யோசிக்கிற நேரம் இல்ல." போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ரிஷி தன் கண்ணைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டான். "எட்டு மாசத்துல பொறக்குமா அக்கா சில புள்ளைங்க?" என்பான். "இன்னிக்கு என்னா தேதி?" என்பான்.

இந்த நேரத்தில்தான் என் கெட்டிக்காரத்தனம் எங்களைக் கவிழ்த்தது.

நாலாம் நாள் பார்வையாளர் நேரத்தில் டாக்டர் வந்து, எல்லாருக்கும் சொல்லியாயிற்றா என்று ஆங்கிலத்தில் தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார். அம்மா கட்டிலின் கால்பக்கம் சாரோங் மடித்துக்கொண்டிருந்தார். நோயின் பெயரும் 'டெஸ்ட்' என்ற சொல்லும் மட்டும் அவர் காதில் விழுந்திருந்தன.

"டாக்டரு என்னா சொல்றாங்க?"

அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது எனக்குப் பதினேழு வருஷப் பழக்கம். நிமிஷத்தில் சொல் கிடைத்தது. "கூட்டாளிங்கள பத்திக் கேட்டாங்க மா. இந்தக் கிருமி கூட்டாளிங்ககிட்ட இருந்து ஒட்டுறது. அவங்களும் ரத்தம் பாத்துக்கணுமாம்."

இங்கே நாங்கள் நண்பனைத்தான் கூட்டாளி என்போம். பள்ளியில் கூடப் படித்தவன் கூட்டாளி, பந்து விளையாடுகிறவன் கூட்டாளி. டாக்டர் சொன்ன 'பார்ட்னர்' என்ற சொல்லையும் அகராதியில் பார்த்தால் கூட்டாளி என்றுதான் இருக்கும். பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

"கூட்டாளி எத்தன பேரு இவனுக்கு!" என்றார் அம்மா. "பெருநாளைக்கு வூட்டுக்கு வந்தா ரெண்டு பானை சோறு வடிக்கணும்."

ரிஷி தலையணைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிக்கிறான் என்று நினைத்தேன்.

அம்மா தன் போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனதை நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது அவர் ரிஷியின் ஃபுட்சல் பந்தாட்டக் குழுவின் தலைவன் ஜீவாவிடம், ஒலிபெருக்கியில் போட்டு, பேசி முடித்துக்கொண்டிருந்தார். "ஆமாய்யா, எல்லாப் பையங்களும் போயி ரத்தம் பாத்துருங்க. கூட்டாளிங்ககிட்ட இருந்துதான் ஒட்டுமாம். என்னமோ சிப்பு... சிபிலிஸ்ஸாம். வூட்ல சின்னப் புள்ளைங்க இருக்கும், பத்தரம்யா."

நல்ல மனது. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மற்றவர் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற நல்ல மனது.

சாயங்காலம் ரிஷியின் போனில் குழுச் செய்திகள் முப்பதுக்கு மேல். ஒரு குரல் பதிவும் இருந்தது, ஜீவாவிடமிருந்து. நலம் விசாரிக்கிறான் என்று நினைத்து அவன் காதருகே வைத்து அழுத்தினேன். "டேய், நான் உனக்குப் பந்துதான்டா பாஸ் பண்ணேன். வேற ஒண்ணும் பாஸ் பண்ணல." பின்னால் பலர் சிரிக்கும் சத்தம். எதிர்க் கட்டிலில் இருந்த பாக்சிக்கு, அந்த மலாய்ப் பெரியவருக்கு, தமிழ் தெரியாது. அவரும் அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சிரித்தார்.

ரிஷி கையை நீட்டிப் போனை வாங்கினான். துழாவி அணைத்தான். இழுப்பறையில் போட்டான்.

"போதும் அக்கா. இனிமே யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அந்த செனாய் ஆளு?"

"அவரு மேனேஜருக்கும் அம்மா போன் போட்டுச் சொல்லட்டும்."

அதன் பிறகு அந்தப் போன் இழுப்பறையிலேயே கிடந்தது. அவன் சாப்பிட்டான், ஊசி போட்டுக்கொண்டான், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். டாக்டர் விரல் காட்டினால் எண்ணினான். இடது கண்ணில் மூன்றடி தூரம், நாலடி தூரம். அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. ஜீவா ஏன் போனை எடுப்பதில்லை என்று என்னைக் கேட்டார்.

ஏழாம் நாள், மருத்துவமனைக் கேன்டீனில், இரண்டு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை நடுவில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொன்னேன். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. டாக்டர் கேட்ட கூட்டாளி வேறு. உடம்பால் சேர்ந்திருந்தவர்கள். ஆண்கள். நோய் அப்படி வந்தது. நான்தான் சொல்லைத் திருப்பிப் போட்டேன், தப்பு என்மேல்.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஜீவாவுக்கு இது புரிஞ்சிருச்சா?"

"புரிஞ்சிருச்சு மா."

பொட்டலத்தை மடித்தார். ரப்பர் போட்டார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு வாரமா."

"என்கிட்ட சொல்றதுக்கு வாய் வரலையா? படிச்சவளுக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா?" என்றார். குரல் உயரவில்லை. அன்று வார்டுக்கு வராமல் பஸ் ஏறிப் போய்விட்டார். மறுநாளும் வரவில்லை. நான் போனில், மற்ற ஆட்களைப் பற்றி, அந்த செனாய்க்காரரைப் பற்றி, அவர் மனைவியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் காலை பார்வையாளர் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே காவலரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். கையில் டிபன் கேரியர். ரிஷியின் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சோறு பிசைந்தார். ஊட்டிவிட்டார். அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். நாலு வாய்க்குப் பிறகு அம்மா சொன்னார்:

"போன அக்காகிட்ட குடு."

அவன் மெல்வதை நிறுத்தினான்.

"அந்தப் பொண்ணு வயித்துல புள்ள இருக்குல்ல. அதுக்கு என்னா தெரியும்? குடு."

அம்மா புரிந்துகொண்டார் என்று நான் எழுத மாட்டேன். இன்றும் சில நாள் சமையல் செய்துகொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு நிற்பார். கல்யாணப் பேச்சைத் தொலைக்காட்சியில் கேட்டால் எழுந்து போய்விடுவார். ஆனால் அந்தப் போனை இழுப்பறையிலிருந்து வெளியே எடுக்க வைத்தவர் அவர்தான்.

ரிஷியின் கணக்கிலிருந்து அந்த ஆளைப் பார்க்க முடியாது. அதனால் என் போனில் அந்தச் செயலியை இறக்கி, படமில்லாமல், பெயரில்லாமல் ஒரு கணக்கு திறந்தேன். செயலி பக்கத்தில் இருப்பவரைத்தான் முதலில் காட்டும். மருத்துவமனையிலிருந்து தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள். செனாய்க்குப் போக வேண்டும். மறுநாள் வேலைக்குத் திரும்பினேன். மதிய இடைவேளையில், என் மைவி காரைத் தொழிற்சாலை வாசலிலிருந்து விமான நிலையச் சாலை ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு, முகமில்லாத ஆண்களின் வரிசையை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ரிஷி சொன்ன அடையாளம் ஒன்றுதான்: படத்தில் முகம் இருக்காது, நீல நிறத் தூண்டில் உருளை இருக்கும்.

இருந்தது. எண்ணூறு மீட்டர் தூரத்தில்.

முந்தின நாளே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்ததை ரிஷிக்குப் படித்துக் காட்டியபோது, "கம்பெனி லெட்டர் மாதிரி இருக்கு, பயந்துருவாரு. நம்ம பேசுற மாதிரி எழுது," என்றிருந்தான். அப்படியே எழுதினேன்.

"வணக்கம் ண்ணே. நான் ரிஷியோட அக்கா. ஆள் தேடி வரல. யாருகிட்டயும் உங்களப் பத்திச் சொல்லல. தம்பிக்கு சிபிலிஸ்னு தெரிஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கான், கண்ணுக்கு ஏறிருச்சு. உங்களுக்கும் இருக்கலாம், உங்க வய்ஃபுக்கும் இருக்கலாம். வெளிய ஒண்ணும் தெரியாது. ஊசி போட்டா கொணமாயிரும். புள்ளைக்காக ரெண்டு பேரும் சீக்கிரம் ரத்தம் பாத்துருங்க." டாக்டரின் கடிதத்தைப் படமெடுத்து அதோடு அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "நான் கிளீன். இனிமே மெசேஜ் பண்ணாதீங்க."

கோபத்தில் பத்து வரி எழுதினேன். அழித்தேன். கடைசியில் இதை மட்டும் அனுப்பினேன்: "தம்பியும் அப்படித்தான் சொன்னான். அவன் பொய் சொல்லல."

பதில் இல்லை. ஆனால் அவர் என்னைத் தடுக்கவும் இல்லை. நீலத் தூண்டில் அங்கேயே இருந்தது. தினமும் மதியம் அதைப் பார்த்தேன். சாயங்காலம் ரிஷி, "இருக்கா?" என்பான். "இருக்கு." "பேசினாரா?" "இல்ல." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் எழுத்துப் பலகையின் மூன்றாம் வரி தெரிந்தது. அதற்குமேல் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வந்தவரை போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவன் சொன்னான்.

பதினாலாம் நாள் கடைசி பென்சிலின் முடிந்து பிரானுலாவைப் பிடுங்கினார்கள். டாக்டர் அவனை உட்கார வைத்து இனி செய்ய வேண்டியதைச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம். ஆணுறை. எச்.ஐ.வி. வராமல் முன்கூட்டியே காக்கும் மாத்திரை இருக்கிறது, கேட்டால் கிளினிக்கில் கொடுப்பார்கள். யாரோடு இருந்தாலும் 'கிளீனா' என்று கேட்காதே, 'கடைசியாக எப்போது பரிசோதித்தாய்' என்று கேள். இந்த முறை நான் வெளியே போக எழுந்தேன். ரிஷி, "இரு அக்கா," என்றான்.

மருந்தகத்தின் முன்னால் மூன்று பேரும் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தோம். அம்மா மடியில் காலி டிபன் கேரியர். அப்போது என் போன் அதிர்ந்தது.

நீலத் தூண்டில். வார்த்தை ஒன்றும் இல்லை. ஒரு படம் மட்டும். கிளினிக் நாற்காலியில் யாருடைய மடியோ. அதில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் நிறப் புத்தகம். புத்தகத்தின் மேல் ஓர் ஆணின் கை. விரலிடுக்கில் இரண்டு எண் சீட்டுகள்.

ரிஷியிடம் கொடுத்தேன். வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு இடது கண்ணுக்கு மாற்றினான்.

"பிங்க்தான அக்கா?"

"பிங்க்தான்."

"சீட்டு ரெண்டா?"

"ரெண்டு."

போனைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டான்.

"யாரு அது?" என்றார் அம்மா.

பழக்க தோஷம், நான் சொல் தேடத் தொடங்கினேன். அதற்குள் ரிஷி சொல்லிவிட்டான்.

"என் கூட்டாளி மா."

அம்மா எண் பலகையைப் பார்த்தார். "பந்து வெளையாடுற கூட்டாளியா?"

"இல்ல."

டிபன் கேரியரின் கைப்பிடியை நிமிர்த்தினார், மடக்கினார். பலகையில் எண் மாறியது, எங்களுடையது இல்லை.

"அந்த ஊசி பின்னாலதான போடுவாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா மா."

"ரொம்ப வலிக்கும். சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கச் சொல்லு."

தம்பி போனை என்னிடம் நீட்டினான். தட்ட ஆரம்பித்தேன்.

"ரெண்டு பேருக்கும்னு போடு," என்றார் அம்மா.

ஒரு சொல்லையும் மாற்றாமல் அப்படியே போட்டேன்.